கறிவேப்பிலை மரத்து மூத்தவன்

நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் வளர்த்த காடு அத்தனை பெரிதாகப் பக்கத்தில் கிடக்க, அந்தத் தவிட்டுக்குருவிகளுக்குக் கூடு கட்டப் பிடித்த இடம் எங்கள் குவார்ட்டர்ஸ் கறிவேப்பிலை மரம். பார்க்க ஒன்றுமில்லாத குருவிதான். அழுக்குத் துணி நிறம், வெளுத்த கண், வாயைத் திறந்தால் சந்தைக்கடை. ஆனால் கூட்டை எட்டிப் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே முட்டைகள், நீலமென்றால் அப்படியொரு நீலம்! ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. மூத்தவன் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் தெருவுக்கே தாளிக்க அந்த ஒரு மரம்தான். கேட்காமலே வந்து ஒடித்துக்கொண்டு போவார்கள். நான் கேட்டைப் பூட்டினேன். குஞ்சு பறக்கும்வரை ஓர் இலை கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரி வடலூர்ப் பக்கத்துப் பெண். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி. சுவருக்கு மேலாக எட்டிக் கேட்டாள்: "என்னாக்கா, கறிவேப்பிலைக்கு வாட்ச்மேன் மாதிரி ஒக்காந்துகினு இருக்கீங்க? ரசத்துக்கு நான் எங்க போவேன்?"

"வேப்பிலையப் போடு," என்றேன். எனக்கு அவ்வளவு திமிர். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

குஞ்சு பொரித்ததும் ரகளை. அந்தக் கூட்டத்தில் யார் அப்பா, யார் சித்தி என்றே தெரியாது. எல்லாமே புழுவோடு ஓடிவந்தன. துணி காயப்போடப் போனால் என் மண்டையைக் குறிவைத்துப் பாய்ந்தன. தலையில் அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போனேன். தெருவே சிரித்தது; அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். அது சுருக்கென்று தைத்தது. மூத்தவன் மளமளவென்று வளர்ந்தான். அவன் படத்தைத் தெரு வாட்ஸ்அப்பில் போட்டு என்னமாய்ப் பீற்றிக்கொண்டேன்!

ஒருநாள் காலை மூத்தவன் கூட்டைவிட்டுச் சுவருக்குத் தாவினான். கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, தலையில் ஒரு கொண்டை. அவனுக்குப் பின்னால் சோனியாய் இரண்டு தவிட்டுக்குஞ்சு. நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"அடியே, இது சுடலைக்குயிலு! மண்மேட்டுல தினம் பாக்குறேன். எவளோ ஒரு குயிலு அடுத்தவ கூட்டுல முட்டைய வச்சிட்டு ஓடியிருக்கா, நீ காவல் காத்திருக்க."

சுவருக்கு அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சத்தம். அவள்தான்.

"இந்தக் கொண்டைக்காரனுக்கா என்னைப் பட்டினி போட்டீங்க?" என்று கேட்டு, சிரிப்பு தாங்காமல் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பால் மட்டும் இல்லை. அப்பாடா, பேசிவிட்டாள்!

அதற்குள் ஒரு தவிட்டுக்குருவி வந்து, தன் அளவுக்கு வளர்ந்துவிட்டவனுக்கு எம்பி எம்பிப் புழு ஊட்டியது. அவன் கிளைக்குத் தாவி, இன்னும் கொண்டா என்று கத்தினான்.

"உனக்கு எவ்ளோ வேணுமோ ஒடிச்சிக்கோ," என்று நான் கிளையை வளைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கக்கா. ஊட்டிகினு இருக்குது பாருங்க."

மதியம் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் ரசம் வந்தது. அதில் கறிவேப்பிலை இல்லை. வாயில் வைக்க விளங்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.