நாற்பதாவது சிப்பி

போன மாதம் எட்டு நாள், நாற்பது சிப்பிகளுக்கு நான் காவல் இருந்தேன்.

கடலூரில் இருக்கும் என் மச்சான் — மனைவியின் தம்பி — செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சும்மா இருக்கலாம் அல்லவா? மொட்டை மாடியில் தொட்டி கட்டி, கேன் கேனாகக் கடல் தண்ணீர் ஏற்றி, கறுப்பு முத்து வளர்க்கிறார்.

அவர் மனைவிக்கு — எனக்குத் தங்கச்சி முறை — இப்போது துணி காயப்போட இடமில்லை. “முப்பது வருஷத்துல ஒரு மூக்குத்தி வாங்கித் தரல. ஒரே ஒரு முத்து வரட்டும்ணே, நான் வாயே தொறக்க மாட்டேன். வரலன்னா தொட்டிய இடிச்சுட்டு துணிக்கொடி கட்டிடுவேன்” என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

மகளைப் பார்க்க இருவரும் ஓசூர் கிளம்பினார்கள். சிதம்பரத்திலிருந்து என்னை வரவழைத்தார்கள்.

“ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆவுது மாமா. காத்து மோட்டார் நிக்காம பாத்துக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

சிப்பிக்கு ஆபரேஷனா? ஆமாம். கறுப்பு உதட்டுச் சிப்பி ஒன்றின் சதையில் துளி வெட்டி, கிளிஞ்சலில் கடைந்த வெள்ளை மணி ஒன்றோடு இன்னொரு சிப்பியின் வயிற்றுக்குள் வைக்கிறார்கள். அந்தத் துளி வளர்ந்து, பைபோல மணியைச் சுற்றிக்கொள்ளும். பிறகு மணியின் மேல் ஒரு பூச்சு... பூச்சின் மேல் இன்னொரு பூச்சு. கறுப்பு, அந்தத் துளிச் சதை கொண்டுவரும் நிறம். முத்தாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது தெரியாது.

ஒப்படைத்த பொருளை எண்ணாமல் இருக்க முடியுமா? காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் எண்ணினேன். ஒவ்வொரு சிப்பியும் தனி வலைப்பையில் தொங்கியது. பையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தேங்காய் வாங்குவதுபோலக் காதருகே ஆட்டிப் பார்த்து, நம்பர் சொல்லித் திரும்ப விட்டேன். நாற்பதாவது பை மட்டும் எதிர் மூலையில். தோள்வலி; கை எட்டவில்லை. இருக்கும் என்று நம்பி ‘நாற்பது’ என்று முடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, ஏழாவது பையின் அடியில் ஒரு வெள்ளை உருண்டை. மதியம் இன்னும் இரண்டு. மறுநாள் மொத்தம் பதினொன்று!

போன் போட்டுச் சொல்லலாமா? வேண்டாம், நேரில் காட்டுவோம். நிறம்தான் கொஞ்சம் உறுத்தியது. வெயில் பட்டால் கறுக்கும் என்று ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தேன்.

எட்டாம் நாள் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பாட்டிலை நீட்டினேன்.

“முப்பத்தொம்போது மச்சான். இன்னும் ஒண்ணுதான் போடணும்.”

மச்சான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “மாமா... இது முத்து இல்ல. நான் உள்ள வெச்ச மணி. அலுங்கினா துப்பிடும். எத்தினி வாட்டி தூக்குனீங்க?”

“நாளைக்கு மூணு வாட்டி. ஒரு வேளைகூடத் தவறல.” தூக்கிய விதத்தைக் கையாலேயே செய்து காட்டினேன்.

“காதுல வெச்சு ஆட்டினீங்களாண்ணே?” என்றார் தங்கச்சி.

“ஆமாம்மா.”

“என்னை ஆட்டினாலும் துப்பிட்டுத்தான் ஓடுவேன்” என்றபடி துணி கட்டும் கயிற்றைத் தேடி உள்ளே போனார்.

மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தயங்கித் தயங்கி அந்த நாற்பதாவதைப் பற்றிச் சொன்னேன். மூவரும் மாடிக்கு ஓடினோம். மச்சான் பையைத் தொடாமல், டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். அடியில் மணி இல்லை. அந்த ஒரு சிப்பி மட்டும் துப்பவில்லை.

தங்கச்சி கயிற்றைக் கீழே போட்டார். “சரி, இது ஒண்ணுக்காக விடறேன்.”

நான் பார்க்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான். தேறியதும் அதுதான். ஹாஸ்டலில் விட்ட பிள்ளைக்கு நாளைக்கு மூன்று போன் போடுகிறோமே — சாப்பிட்டியா, படிச்சியா, தூங்கினியா... அவன் எதையெல்லாம் துப்பிக்கொண்டிருக்கிறானோ?

போன வாரம் கடலூர் போனபோது மாடிப்படியில் ஒரு கால் வைத்தேன்.

“மணி இருக்கறதே ஒண்ணுலதாண்ணே. அத எண்ண எதுக்கு மேல போறீங்க?” என்றார் தங்கச்சி.

இறங்கிவிட்டேன். சிப்பியை எண்ணாமல் இருந்து இன்றோடு இருபத்து மூன்று நாள்.