இடப்பக்கம் திரும்பிய ஸ்லைடு

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் விஜயநகரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் போய்விட்டு எண்பது ஸ்லைடுகளோடு திரும்பினார். எண்பது என்பது அவர் சொன்ன கணக்கு. நான் எண்ணியபோது எழுபத்தாறு.

நான் ஓய்வு பெறும்வரை பற்சக்கரங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவன். சுழலும் எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். அப்படித்தான் ஸ்வஸ்திகையில் கண் போனது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜைனரின் துணிக்கடையில், கல்லாவுக்கு மேலே ஒன்று இருந்தது. நான்கு கைகள், மேலே மூன்று புள்ளிகள், அதற்கும் மேலே பிறை, பிறைக்குள் இன்னொரு புள்ளி. கடைக்காரரையே கேட்டேன். கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நான்கு பிறவிகள். மூன்று புள்ளிகள் நல்ல நம்பிக்கை, நல்ல அறிவு, நல்ல நடத்தை. பிறை, விடுபட்டவர்கள் சேரும் இடம். குளிர்காலத்தில் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியப் பெண்மணியின் பதக்கத்திலும் அதே நான்கு கைகள். ஆனால் இடப்பக்கம் திரும்பியவை. அழியாதது, அசையாதது என்று அர்த்தமாம். சுழல்வது போலத் தெரியும் ஒன்றுக்கு இப்படி ஒரு பொருள்!

இதையெல்லாம் காலை நடையில் எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னவன் நான். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். அடுத்த கூட்டத்தில் 'உலகெங்கும் சுழலும் சின்னங்கள்' பற்றிப் பேச அழைக்கப்பட்டவர் அவர். என்னை நாற்காலி போடக்கூட யாரும் கூப்பிடவில்லை. வயிறு எரிந்தது. அவர் ஒரு தப்பாவது செய்ய வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

திரையில் முதலில் கிரேக்கப் பானையில் கேடயம் ஏந்திய வீரன் வந்தான். கேடயத்தில் ஓடும் மூன்று கால்கள். "மூணே காலு, ஆனா என்ன ஓட்டம் பாருங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அடுத்து, நான் சொல்லி அவர் போய்ப் படமெடுத்த துணிக்கடைச் சின்னம். நான்கு கைகளும் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

"ஜைனர்கள்கிட்ட இது இடது பக்கம் சுத்தும். உலகத்துக்கு முதுகு காட்டிட்டுப் போறதுன்னு அர்த்தம்" என்றார்.

எழுந்துவிட்டேன். "இல்ல சார். ஸ்லைடை முன்பின்னாப் போட்டிருக்கீங்க. அந்தக் கடையில அது வலது பக்கம்தான். அந்த முதுகு, அர்த்தம் எல்லாம் நீங்களாச் சொல்றது."

அவர் ஸ்லைடை உருவித் திருப்பிப் போட்டார். கைகள் வலப்பக்கம் வந்தன. நான் காத்திருந்த நொடி.

"அய்யோ, ஹௌது, ஆமா! பாத்தீங்களா, இதுக்குத்தான் நம்ம சார் வேணும்ங்கிறது. எனக்கே இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது இவர்தான். வாங்க சார், நீங்களே சொல்லுங்க" என்று திரையைச் சுட்டும் கோலை என் கையில் கொடுத்தார்.

கைதட்டினார்கள், அவருடைய பெருந்தன்மைக்கு.

நான் பேசினேன். கைகள், புள்ளிகள், பிறை, பதக்கம், எதையும் விடவில்லை. பின் வரிசையில் ஒருவர், "ஸ்வல்ப சுருக்கமா, சார். காபி ஆறிடும்" என்றார். உட்கார்ந்தேன்.

பிறகு அவர் கடைசி ஸ்லைடைப் போட்டார். வெறும் கதவு.

"மகன் புது வீட்டுக்குப் போன அன்னிக்கு மருமக இந்தக் கதவுல குங்குமத்துல ஸ்வஸ்திக் போட்டா. மாடியிலிருந்து ஒரு வயசான அம்மா எறங்கி வந்தாங்க. பாத்ததும் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. சின்ன வயசுல அவங்க அப்பாவை இழுத்துட்டுப் போனவங்க சட்டைக் கையில அது இருந்துதாம். நம்ம அர்த்தத்தை எந்த மொழியில சொல்றது? ஈரத் துணியால நானே தொடச்சேன். புதுமனைக்கு வெச்ச குங்குமம், லேசுல போகல. தொடச்சப்புறம் எடுத்த படம் இது."

யாரும் காபியைத் தேடவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் திரையையே பார்த்தேன்; ஆனாலும் அந்தக் கதவு எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. என் மகன் பெங்களூரில் இருந்தான். அவன் கதவில் காலண்டர் தொங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில், "நான் சொன்னது சரிதானே?" என்றேன்.

"சரிதாங்க. யாரு தப்புன்னா? ஆனா பாவம், அவரு கையாலயே தொடச்சாரே."

வெள்ளிக்கிழமைதோறும் அவள் வாசலில் ரங்கோலிப் பொடியால் ஸ்வஸ்திக் போடுவாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு கைகள் போட்டுவிட்டு நிறுத்தினாள். எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? இன்னும் ரெண்டு பாக்கி."

"அவரு பால் வாங்க வர்ற நேரம். பாத்தா மனசு கஷ்டப்படும். இன்னிக்கு வேண்டாம்ங்க."

"இது நம்ம வாசல். இங்க இதுக்கு வேற அர்த்தம்."

"தெரியும். நகருங்க, வெளிச்சம் மறைக்குது" என்று கலைத்துவிட்டுத் தாமரை போட்டாள்.

எட்டு இதழ்கள். எதிர்வீட்டுக் கதவு அப்போது திறக்கவேயில்லை. மனிதர் தூங்கிக்கொண்டே என் வாசலில் என் மனைவியின் கையை நிறுத்திவிட்டார்.