கொள்ளுக்கொடி சுற்றிய சக்கரம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் வழியில், மெயின் ரோட்டை விட்டுப் பிரியும் ஒரு கிராமத்துச் சாலையில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் வைத்த மெஷின் எனக்கு ஒத்துவராது. கால் மெஷின்தான், இருபத்திரண்டு வருடமாக. ஒரு தீபாவளி சமயத்தில் நாள் முழுக்க மிதித்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தினி வருசமா மிதிச்சிக்கினே இருக்க. சைக்கிளா இருந்தா இந்நேரம் காசிக்கே போய்ச் சேர்ந்திருப்ப. நீ இன்னா, இருந்த எடத்துலயே இருக்க!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஒன்று மனதில் பட்டுவிட்டால் அதைக் குடைந்துகொண்டே இருக்கிற புத்தி. நிஜமாகவே எவ்வளவு தூரம் போயிருப்பேன்? ஒரு பிளவுஸுக்கு எத்தனை மிதி, வருடத்துக்கு எத்தனை பிளவுஸ் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்து, தலை சுற்றி விட்டுவிட்டேன். சரி, அதுதான் தெரியவில்லை, இந்தக் கால் ஒரே நாளில் எவ்வளவு தூரம் போகும் என்றாவது பார்த்துவிடலாமே என்று தோன்றியது. நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஏன் நூறு என்று கேட்டால் பதில் இல்லை. தொண்ணூறு என்று யாராவது ஆசைப்படுவார்களா?

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், அவள் காலேஜ் போனதிலிருந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. கியர் கிடையாது, லைட் கிடையாது, எடை மட்டும் உண்டு. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, காலையில் கடை திறப்பதற்கு முன் ஓட்டிப் பழகினேன். தெருவில் கேட்காதவர்கள் இல்லை. "சர்க்கரை வந்துடுச்சாக்கா?" என்று விசாரித்தவர்கள்தான் ஜாஸ்தி. முதல் முயற்சி எழுபத்தொன்றில் பஞ்சர். இரண்டாவது முயற்சி எண்பதில், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு டிராக்டரில் ஏறி வீடு வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மூன்றாவது முயற்சிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்குப் போய், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்விட்டுத் திரும்பினால் நூறுக்கு இரண்டு கம்மி. அந்த இரண்டை ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி முடித்துவிடலாம் என்று திட்டம். மகள் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். போகப் போக அதுவே தூரத்தை எண்ணும், வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே வரும். போனை வைக்க இடுப்பில் கட்டும் ஒரு பையை நானே தைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வெளக்கு வெக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும். இருட்டுல லாரிக்காரனுக்கு நீ தெரியமாட்ட." நியாயம்தான். தெருவிளக்கு எரிவதற்குள் நூறு, எரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று நானும் எனக்கே சட்டம் போட்டுக்கொண்டேன்.

கோமுகி அணை வரைக்கும் சொகுசாகப் போனேன். மலைப்பாதை ஆரம்பித்ததும் என் வீரம் இறங்கிவிட்டது. பாதி தூரம் இறங்கித் தள்ளினேன். தள்ளும்போதே ஒரு சந்தேகம். தள்ளுவது நூறில் சேருமா? மிதித்தால்தானே சைக்கிள்? ஆப்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, அது பாட்டுக்கு எண்ணியது. அது கேட்காதபோது நான் ஏன் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். வளைவில் மெதுவாக ஏறிய பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "சைக்கிள மேல போட்டுக்கலாம், ஏறிக்கம்மா" என்றார். வேண்டாம் என்று கை ஆட்டினேன். வெள்ளிமலையில் டீக்கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மாதான் வந்தேன்" என்றேன். "சும்மாவா? சும்மா வர்றதுக்கு பஸ்ஸுலயே வரலாமே!" என்று அவர் உண்மையிலேயே குழம்பிப் போனார். பாவம், நான் மட்டும் தெளிவாகவா இருந்தேன்?

இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிட்டது. ஆனால் சமவெளிக்கு வந்தபோது மனசு கிறுகிறுவென்று சந்தோஷத்தில் இருந்தது. கச்சிராயபாளையத்தில் பிள்ளைகள் கை காட்டினார்கள், பைக்கில் போனவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மெயின் ரோட்டில் கரும்பு லாரிகளுக்குப் பயந்து உள்சாலையில் திரும்பினேன். மணி நாலே முக்கால் இருக்கும். எண்பத்தொன்பது முடிந்திருந்தது. வீட்டுக்கு ஒன்பது, ஊருக்குள் இரண்டு. பொழுது தாராளமாக இருந்தது. இந்த முறை நூறு என் முந்தானையில் முடிந்து வைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வளைவு திரும்பியதும் சாலை முழுக்கக் கொள்ளுக்கொடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம். காய்ந்த கொடியைத் தார்ச்சாலையில் போட்டுவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் வேனும் ஏறி மிதித்து, காய் உடைந்து, கொள்ளு தானாக உதிர்ந்துவிடும். எனக்கு முன்னால் போன ஒரு லோடு வண்டி மொறுமொறுவென்று அதன்மேல் ஏறிப் போனது. தூரத்தில் கையில் கோலோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். காலையிலிருந்து ஊரே கை காட்டியதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. இவரும் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, ஒரு சிரிப்பும் சிரித்து, வேகமாக மிதித்து ஏற்றினேன்.

பத்தடி போனேனோ இல்லையோ, பின்சக்கரம் கெட்டியாக நின்றுவிட்டது. நான் கொடி மேலேயே பொத்தென்று விழுந்தேன். மெத்தை மாதிரி இருந்ததால் அடி இல்லை. ஆனால் சக்கரத்தைப் பார்த்தால், கொடி சங்கிலிக்குள்ளும் பல்சக்கரத்திலும் சுற்றிச் சுற்றி ஒரு கூடு கட்டியிருந்தது.

"எறங்கித் தள்ளிக்கினு வாக்கா, சைக்கிள்ல கொடி சுத்திக்கும்னு தொண்ட கிழியக் கத்திக்கினு இருக்கேன், நீ இன்னாடான்னா சிரிச்சிக்கினே ஏத்தற!" என்று அந்தப் பெண் ஓடிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னாலேயே அவர் கணவர் அரிவாளோடு வந்தார். ஒரு கணம் பயந்துதான் போனேன். அவரோ சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அரிவாள் முனையால் ஒவ்வொரு கொடியாக அறுத்து இழுக்க ஆரம்பித்தார்.

அவர் எடுக்க எடுக்க நான் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் காயணும், எத்தனை வண்டி ஏறணும் என்று. அந்தப் பெண் ஒரு கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். மற்ற நாளெல்லாம் இரண்டு பேருக்கும் கூலி வேலை. விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்குப் பிடித்த ஒரு துண்டு நிலத்தில் தங்களுக்கென்று போட்டது இந்தக் கொள்ளு ஒன்றுதான். "நாலரை பஸ்ஸு போவயிலயும் வரயிலயும் ரெண்டு வாட்டி ஏறிச்சின்னா முடிஞ்சிருக்கும்க்கா. இன்னைக்குன்னு பார்த்து அந்த பஸ்ஸு வரல. மேக்கால பாரு, எப்படி கருத்துக்கினு வருது." அப்போதுதான் நானும் மேற்கே பார்த்தேன். மலை தெரியவில்லை. தை மாதத்தில் இப்படி ஒரு மேகமா!

இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. சங்கிலியை மாட்டி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போங்கம்மா, மழைக்கு முன்னாடி போய்ச் சேருங்க" என்றார் அவர். நன்றி சொல்லிவிட்டு, கொடி முடியும் இடம்வரை ஒழுங்காகத் தள்ளிக்கொண்டு போய் ஏறி மிதித்தேன். இப்போது போனால்கூட நூறு வந்துவிடும். மனதில் அது ஒன்றுதான் ஓடியது.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரண்டு பேரும் வெறி பிடித்தவர்கள்போலக் கொடியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருபது நிமிடம் யாருடையது? அவர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு என் சக்கரத்துக்கு வந்தபோது பாதிக் கொள்ளு அடிக்காமல் கிடந்ததே. நான் இளித்துக்கொண்டு ஏற்றியதற்கு அவர்கள் ஏன் நனைய வேண்டும்? எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. நூறு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, மூன்றாவது தடவை. அடச்சே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன்.

"ஏன்க்கா, மறுபடியும் சுத்திக்கிச்சா?" என்றார் அந்தப் பெண்.

"இல்ல, நானும் வர்றேன். என்ன செய்யணும் சொல்லு."

கொடி மேல் கால் வைத்தேன். உடனே ஒரு சத்தம். "ஷூவ கழட்டுக்கா! சாமியாச்சே அது, செருப்புக் காலோட ஏறுவாங்களா?"

மழை வருகிற நேரத்திலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பஸ்ஸு டயரு ஏறலாம், என் ஷூ ஏறக்கூடாதா?"

"டயருக்கு காலு இருக்குதா கழட்டறதுக்கு? உனக்கு இருக்குது இல்ல, கழட்டு!"

நாடாவை அவிழ்த்து ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டு மிதித்தேன். அந்தப் பெண் கோலால் அடித்தார், உதறிய கொடியைக் கணவர் அள்ளி ஓரம் போட்டார், நான் அடி படாத பக்கத்தில் இருந்த இடத்திலேயே நின்று மிதித்தேன். காய் பட்பட்டென்று உடைவது உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு மூன்று பேருமாகத் துடைப்பத்தால் கூட்டிக் குவித்தோம். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது முதல் தூறல் கழுத்தில் விழுந்தது. கடைசி மூலையில் ஒரு மரக்கால் அளவுக்கு நனைந்திருக்கும். மற்றதெல்லாம் தார்ப்பாய்க்குள் வந்துவிட்டது.

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, நான் எங்கே போகிறேன் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். நூறு ஆகிவிட்டால் என்ன கொடுப்பார்கள் என்றார். யாரும் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு துணிப்பையில் இரண்டு கை கொள்ளு அள்ளிப் போட்டு நீட்டினார். "இந்தா, நான் குடுக்கறேன். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க!" மூன்று பேரும் மழையில் நின்று சிரித்தோம். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

நனைந்துகொண்டே ஊருக்குள் நுழையும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது. வீட்டு வாசலில் வீட்டுக்காரர் குடையோடு நின்றார். திட்ட வாயெடுத்தவர், என் கோலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆப்பில் 98.2. மகள் துள்ளினாள். "அம்மா, இன்னும் ரெண்டு கூட இல்ல! போனைக் குடு, ஸ்கூட்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?" அது ஹூக் வைத்துத் தைக்காமல் பின் குத்தி பிளவுஸ் கொடுக்கிற வேலை, நம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, குளிக்கும்போது கொஞ்சம் அழுதேன். நூறு கிடைக்கவில்லையே என்று இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் மகள் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கோடு மலைக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஓரிடத்தில் மட்டும் மெஷினில் நூல் சிக்கின மாதிரி குழம்பிக் கிடக்கிறது. "இங்க இன்னாம்மா பண்ண?" என்று கேட்டாள். போன் இடுப்பிலேயே இருந்ததல்லவா, நான் அங்கே ஓடியதும் மிதித்ததும் அதில் பதிவாகிவிட்டது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க எங்கெங்கோ போயிருக்கிறேன். ஆனால் யாருக்காவது உபயோகமாக இருந்தது இருந்த இடத்திலேயே நின்று மிதித்த அந்தச் சிக்கு மட்டும்தான்.

நூறு இன்னும் பாக்கி இருக்கிறது. விடமாட்டேன், ஒருநாள் போட்டுவிடுவேன். ஆனால் "இருந்த எடத்துலயே இருக்க" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தால் இப்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இல்லை. நான் மிதித்துத் தைத்த துணிகள் எத்தனை கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்கும்? அந்தத் தூரத்தை எதை வைத்து அளப்பது என்று, மெஷினில் கால் வைக்கிறபோதெல்லாம் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.