அக்கா வீட்டு வைஃபை பெட்டி

என் அக்கா பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அவளோடு வேலை பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஏணியிலிருந்து விழுந்தவர், காருக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியவர், முழங்கை பின்பக்கமாகத் திரும்பிப்போனவர் என்று யார் வந்து அலறினாலும், "மூச்சை இழுங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று மூன்றே அதட்டலில் அடக்கிவிடுவாள். உடைந்த எலும்புப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆள்.

அவள் பெற்ற பெண் குத்துச்சண்டைக்குப் போனாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சும்மாவா வைத்தோம்? பதினாறு வயதில் கையுறை மாட்டினாள், இப்போது பத்தொன்பது, வேறு ஊரில் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கிறாள். போன வருடத்திலிருந்து அவளுடைய போட்டிகளை நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள். போட்டி நாளில் நான் என் மாடி வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே அக்கா வீட்டுக்கு இறங்கிவிடுவேன். அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் டிவி முன்னால் உட்காருவோம்.

உட்காருவதோடு சரி. மணி அடித்து இரண்டு பெண்களும் கையை உயர்த்தியதும் படம் நின்றுவிடும், நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே என் வீட்டில் தனி நெட் இருக்கிறது, அங்கே பார்க்கலாம் என்றால், "அத்தனை படி யாருடி ஏறுறது?" என்பாள் அக்கா. எல்லாம் முடிந்தபிறகு வாலுவே போன் செய்து, "ஜெயிச்சிட்டேன்!" என்று கத்துவாள். இப்படியே பதினொரு வெற்றிகளை நாங்கள் வட்டமாகத்தான் பார்த்தோம்.

அத்தான் குழாய் வேலை பார்ப்பவர். உலகத்தில் எல்லாமே அவருக்குக் குழாய்தான். "மெயின் லைன்ல பிரஷர் நல்லா இருக்கு. இந்தப் பொட்டிதான் அடைச்சிருக்கு. புது ரவுட்டர் போட்டாதான் வீடியோ ஒழுங்கா வரும்" என்றார். நெட் கனெக்‌ஷன்காரரையும் வரவழைத்தார். அந்தப் பெரியவர் போனை வைத்து அறை அறையாக அளந்து பார்த்தார்.

"பொட்டி பழசு, சூடாகுது. மாத்துறது நல்லது. ஆனா படம் நின்னு போற அளவுக்கு மோசமில்லையே" என்று தலையைச் சொறிந்தார்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று அக்கா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

யோசனை இரண்டு மாதம் ஓடியது. சீரியல் நன்றாகத்தானே ஓடுகிறது என்றாள். புதியதை எங்கே வைப்பது என்றாள். கடைசியில், "புது மாடல்ல கதிர் ஜாஸ்தியாம்" என்றாள் பாருங்கள்! எக்ஸ்ரே அறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் பேசுகிற பேச்சா இது?

காலிறுதி அன்று எனக்கு விடை கிடைத்தது. மணி அடிக்கப் போகிற நேரத்தில் அக்கா வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். எனக்கும் தாகம், பின்னாலேயே போனேன். சமையலறையில் அவள் எட்டி நின்று, ஃபிரிட்ஜ் மேலிருந்த ரவுட்டரைப் பெரிய அலுமினியச் சட்டியால் கவிழ்த்து மூடிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மேலே என்ன இருக்கிறது என்று எந்த வீட்டிலும் எந்த ஆணும் பார்ப்பதில்லை. அந்தத் தைரியம்தான் அவளுக்கு.

"என்னக்கா இது?"

"சத்தம் போடாதேடி."

"இதுக்கு ஆஸ்பத்திரில மாட்டுவியே ஈயக் கவசம், அதையே கொண்டு வந்து போத்தியிருக்கலாமே!"

"யோசிச்சேன். வெளிய கொண்டு போக விடமாட்டாங்க."

சிரிக்க வாயெடுத்தேன். அவள் சிரிக்கவில்லை, சட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"போன வருஷம் ஒருத்தன் தாடையில அடிபட்டு வந்தான்" என்றாள் மெதுவாக. "ரெண்டு பக்கமும் ஒடைஞ்சு நடுத்துண்டு தனியா நிக்குது. படத்தைப் பாத்ததும் எனக்கு வாலு மூஞ்சிதான் தெரிஞ்சுது. அதுலேருந்து அவ ரிங்ல நின்னா எனக்குத் தோல் தெரியலடி, எலும்புதான் தெரியுது. போகாதேன்னு சொல்லவும் வாய் வரல. நான் பாக்கறேங்கற தெம்புலதான் அவ ஏறுறா."

"நீ மூடி வச்சா அங்க அடி விழாதா?"

"விழட்டும். எனக்குத் தெரியாம விழட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அத்தானிடம் மூச்சு விடவில்லை.

அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. எதிராளி வாலுவைவிட அரை அடி உயரம், இடதுகைக்காரி. அக்கா மணி அடிக்குமுன்பே தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். படம் விட்டு விட்டு வந்தது. முதல் சுற்றில் ஒரு துணுக்கு, இரண்டாவதில் ஒரு துணுக்கு. திடீரென்று அத்தான், "ஐயோ!" என்று எழுந்தார். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

வாலு கீழே இருந்தாள். ஒரு முழங்காலும் ஒரு கையும் தரையில், தலை தொங்கியிருந்தது. அவள் முன்னால் நடுவர் விரல்களை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார், மூன்று விரல். அதோடு படம் நின்றது. வட்டம் சுற்றியது.

அக்கா ஓடினாள். சட்டியை அவள் பிடுங்கி எறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அத்தான் உருண்டு போன சட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கேட்க நேரமில்லை. சட்டிக்குள் கிடந்து பெட்டி கொதித்துப்போயிருந்தது, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அக்கா பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். சிவப்பு. மறுபடி பிடுங்கிச் செருகினாள். சிவப்பு. டிவியில் அதே மூன்று விரல். அந்தக் கீழ்வீட்டில் போன் சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காது.

"எழுந்தாளா? எழுந்தாளான்னு யாராவது சொல்லுங்களேன்!" என்று அக்கா கத்தினாள். எத்தனையோ பேரை அசையாதீங்க என்று அதட்டியவள், அசையாத ஒரு படத்தின் முன்னால் நின்று கெஞ்சினாள்.

"மேல வா, என் வீட்டுக்கு" என்றேன்.

முப்பத்தெட்டுப் படி. எனக்கு முன்னால் வெறுங்காலோடு ஏறினாள். பூட்டில் சாவி நுழைய மறுத்தபோது என் கையைத் தட்டிவிட்டு அவளே திறந்தாள். என் டிவிக்கு உயிர் வருவதற்குள் ரிமோட்டை இரண்டு தடவை தட்டிவிட்டாள்.

வாலு நின்றுகொண்டிருந்தாள். கடைசிச் சுற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. படம் துல்லியம், வியர்வைத் துளி தெறிப்பதுகூடத் தெரிந்தது. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மூடவில்லை. ஒவ்வொரு குத்து விழும்போதும் என் மணிக்கட்டை நெரித்தாள், "கையை மேல தூக்கு, தாடையை மறை" என்று முணுமுணுத்தாள், ஆனால் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மூன்று நிமிடம் முழுசாகப் பார்த்தாள். நடுவர் எதிராளியின் கையைத் தூக்கினார்.

அத்தான் மூச்சு வாங்க வாசலில் நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் அக்காவே சொன்னாள். "நாளைக்கே அந்தப் பொட்டியை மாத்திடுங்க. எனக்குப் பயம் போகல. போகவும் போகாது. இருந்தாலும் மாத்திடுங்க."

அத்தான் அங்கேயே நின்று நெட்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

சற்று நேரத்தில் என் போனில் வீடியோ கால். வாலு முகத்தில் ஐஸ் பையை அழுத்தியபடி, "சித்தி, அம்மா எங்க?" என்றாள். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

"நான் பாத்தேன்" என்றாள் அக்கா. அதற்குமேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பாத்ததில்லடி. பயத்துல நான்தான் மூடி மூடி வச்சேன். இன்னைக்குத்தான் பாத்தேன்."

வாலு ஐஸ் பையை இறக்கினாள்.

"பதினொரு தடவை ஜெயிச்சேன். அதையெல்லாம் விட்டுட்டு, தோத்ததைத்தான் பாத்தியாம்மா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை முகத்தருகே கொண்டுபோனாள்.

"வாயை நல்லாத் திறந்து மூடு. தாடை அசையுதான்னு பாக்கறேன்."

வாலு அழுதுகொண்டே வாயைத் திறந்து காட்டினாள்.