கிணற்றுக்குள் இரண்டு தடவை

எங்கள் சொந்தக்காரர்கள் கூடினால் கேலிக்கு முதலில் அகப்படுவது அப்பாவின் உடம்புதான். அவருக்குத் திண்டுக்கல் தீயணைப்பு நிலையத்தில் வேலை. விடிவதற்கு முன்பே எழுந்து மலைக்கோட்டை அடிவாரம் வரை ஓடுவார். திரும்பி வந்ததும் மணல் நிரப்பிய சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறி இறங்குவார். "அரிசி வாங்கிட்டு வாங்கன்னா சைக்கிளைத் தேடுறாரு, மணலை மட்டும் சும்மா சுமக்குறாரு" என்பாள் அம்மா. அத்தையின் கணவரான மாமாவுக்கோ அப்பாவைக் கண்டாலே குஷி பிறந்துவிடும். "என்ன மச்சான், ஊருல எங்கயும் தீப்பிடிக்கலையா? அப்ப எங்க வீட்டு அடுப்பையாச்சும் அணைச்சுட்டுப் போங்க" என்பார். மாமா நல்ல கனத்த உடம்புக்காரர். அப்பா இன்னொரு அவித்த முட்டையை உரிப்பார்.

ஒரு கோடை விடுமுறையில் அம்மாவும் நானும் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்ட வருடம் அது. மேலிருந்து இறைக்க முடியாததால் ஆயில் என்ஜினையே கிணற்றுக்குள் இறக்கி, பக்கச் சுவரில் குடைந்த பொந்தில் வைத்து ஓட்டினார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படித்தான். தக்காளி வாடாமல் இருந்தால் சரி, புகை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

என்ஜின் சத்தம் ஒரு மாதிரியாக வருகிறது என்று மாமா காலையில் உள்ளே இறங்கினார். அத்தை கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் பின்னாலேயே இறங்கினார். என்ஜின் நின்றது. அவரும் ஏறி வரவில்லை. மூன்றாவதாக ஒருவர் இறங்கப் போனபோது அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரும் எறங்காதீக! உள்ள புகை அடைச்சிருக்கு. தீயணைப்பு வண்டிக்குப் போன் போடுங்க!"

ஒருவர் போன் இருக்கிற இடத்துக்குச் சைக்கிளில் பறந்தார். மற்றவர்கள் வேப்பங்குழைகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, காற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். கீழிருந்து ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. இருவரில் யாருடையது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

சிவப்பு வண்டி வந்ததும் அதிலிருந்து முதலில் குதித்தவர் அப்பா. நான் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

மூச்சுக் கருவி ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் ஒருவர்தான் இறங்க முடியும். மயங்கிக் கிடப்பவரைக் கயிற்றில் கட்டி இழுக்கலாம் என்றால், நடுவில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் தலை மோதிவிடும். சுவரில் பதித்த கல்படிகளில் தோளில் சுமந்துதான் ஏற வேண்டும். அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா முகமூடியை மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நெடுநேரம் கழித்து அவர் தலை தெரிந்தது. தோளில் கிடந்தவர் மாமா இல்லை. அந்த ஒல்லியான மனிதர்.

அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, என் வீட்டுக்காரரை விட்டுட்டு வந்துட்டியே அண்ணே!"

"இவரு குறுக்க கெடந்தாருத்தா. தாண்ட முடியல" என்றார் அப்பா. அவர் முழங்கால்கள் நடுங்குவதை நான் பார்த்தேன். வெயிலில் நின்றுகொண்டு குளிரில் நடுங்குகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

"செத்த நேரம் உக்காருய்யா. தம்பி எறங்கட்டும்" என்றார் அதிகாரி, பக்கத்தில் நின்ற இளவயதுக்காரரைக் காட்டி.

"வேணாங்கய்யா. மாப்பிள்ளை கனத்த ஆளு. இவன் தாங்கமாட்டான்."

மறுபடியும் இறங்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது, நின்றது, பிறகு மெல்ல மெல்ல மேலே வரத் தொடங்கியது. பாதி வழியில் கயிறு அசையாமல் நின்றுவிட்டது. அதிகாரி குனிந்து கத்தினார். அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது எனக்கு. சுவரில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. கயிறு ஒரு சாண் மேலே வந்தது, பிறகு இன்னொரு சாண். கடைசியில் மாமாவின் முதுகுதான் முதலில் தெரிந்தது. நாலைந்து பேர் பாய்ந்து மாமாவை வாங்கிக்கொண்டார்கள். அப்பா விளிம்பிலேயே குப்புற விழுந்தார்.

இருவரையும் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருவருமே பிழைத்துக்கொள்வார்கள் என்று சாயங்காலம் சேதி வந்தபோது நாங்களும் ஊர் திரும்பியிருந்தோம். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி அப்பாவின் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமான கேலி ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் ஒரு படி இருந்திருந்தா மாப்பிள்ளையை விட்டுருப்பேன்டி."

அம்மாவின் கை நின்றது.

"அதான் படி முடிஞ்சிருச்சேப்பா?" என்றேன் நான். பெரியவர்கள் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். அது பாதியிலேயே மடியில் விழுந்தது. திரும்பவும் தூக்கினார், திரும்பவும் விழுந்தது. எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தேன்.