பெரட்டில் வந்த பதில்

எங்கள் வீட்டில் காலையில் பெரட்டு கூப்பிடுவார்கள். ரப்பர்த் தோட்டங்களில் ஆள்களை நிறுத்தி, யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குப் பெரட்டு என்று பெயர். சொந்த நிலத்தில் சொந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்ப்பானேன் என்று கேட்டால், அதைத் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கூப்பிட்டுப் பதில் சொன்ன மனிதர். கோப்பெங்குக்கும் சிம்பாங் பூலாய்க்கும் நடுவில், மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் வாங்கிக் கோப்பி நட்டதும், முதல் வேலையாகத் தானே கூப்பிடுகிறவராக மாறிவிட்டார். அவருக்குப் பிறகு அப்பா.

ஒரு வகையில் அது தேவையாகவும் இருந்தது. எங்களுடையது லைபீரிகா கோப்பி. வெட்டிவிடாமல் விட்டால் மரம் வீட்டுக்கூரையைத் தாண்டும்; இலை உள்ளங்கையைவிடப் பெரிது. மலைப்பனி இறங்கினால் அடுத்த வரிசையில் நிற்பவர் தெரியமாட்டார். எட்டு மணிக்கு ஆளுக்கொரு வரிசையில், பழம் பறித்துப் போடும் தகர டின்னோடு நிற்போம். கீழே காயப்போடும் களத்திலிருந்து அப்பா, "பெரியவன்!" என்பார். மேல் வரிசையிலிருந்து பெரிய அண்ணன், "இருக்கேன்!" என்பான். பிறகு சின்ன அண்ணன், நான், அம்மா. அதற்கப்புறம்தான் பழத்தில் கை வைக்கலாம். நன்றாகச் சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். தகரத்தில் ஒரு பச்சைக்காய் கிடந்தாலும் அப்பாவின் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஈப்போவில் ஒரு கோப்பிக்கடைக்காரர் எங்கள் கொட்டையைத் தவிர வேறெதையும் வறுக்க மாட்டார் என்பதில் அவருக்கு அவ்வளவு மிதப்பு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய அண்ணன் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய குட்டைக்கு மீன் பிடிக்கப் போனான். கரையில் சைக்கிளும் சட்டையும் கிடந்தன. நான்கு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

மறுபடி வேலையில் இறங்கிய முதல் காலையில், அப்பா களத்தில் நின்று, "பெரியவன்!" என்றார். வாய் தவறி வந்ததா, தெரிந்தே கூப்பிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாளும் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். அம்மா கிளையைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். வெகுநேரம் கழித்து அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சின்ன அண்ணனைக் கூப்பிடுவார். நாளாக ஆக அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. அம்மா சோற்றைப் பிசைவதோடு சரி, சாப்பிடுவதில்லை.

எனக்குப் பொறுமை குறைவு. பாசத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எரிச்சலில்தான் செய்தேன். ஒரு காலை, தகரத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து, குரலைத் தடிப்பாக்கி, "இருக்கேன்!" என்றேன்.

பனியில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. அப்பா கொஞ்சம் தாமதித்து, சின்ன அண்ணனைக் கூப்பிட்டார். அம்மாவின் தகரத்தில் பழம் விழுகிற சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் அம்மா தட்டிலிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டார். அதன்பிறகு நான் எப்படி நிறுத்துவது?

இரண்டு வருடம் கிட்டத்தட்ட தினமும் அண்ணனுக்காக நான் பதில் சொன்னேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் சொல்லி முடித்த பிறகு, சில நாள் மேலேயிருந்து இன்னொரு முறை "இருக்கேன்" என்று கேட்கும். மலையின் எதிரொலி என்று விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு நாள் எதிரொலி நான் சொல்வதற்கு முன்னாலேயே வந்தது. அதையும் விட்டுவிட்டேன்.

பீடோரிலிருந்து எனக்கு மாப்பிள்ளை வந்தபோதுதான் வசமாக மாட்டிக்கொண்டேன். அண்ணனுக்குக் கருமாதி செய்யாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா பிடிவாதமாக மறுத்தார்.

"பதில் சொல்ற புள்ளைக்கு யாராச்சும் கருமாதி பண்ணுவாங்களா?"

எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அன்று சாயங்காலம், களத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "பதில் சொல்றது அண்ணன் இல்லம்மா, நான்தான்" என்றேன். அழுவார், இல்லையென்றால் துடைப்பத்தாலேயே அடிப்பார் என்று நினைத்தேன்.

அம்மா கூட்டுவதைக்கூட நிறுத்தவில்லை. "தெரியும்லா. பெத்தவளுக்குக் கொரல் தெரியாதா?"

"அப்புறம் ஏன்ம்மா?"

"நீ அம்மை போட்டு ஒம்போது நாள் பாயிலயே கெடந்தியே. அப்பவும் பதில் வந்துச்சு. அது யாரு?"

சின்ன அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அந்த மாதம் தைப்பிங்கில் லாரி வேலைக்குப் போயிருந்தது ஞாபகம் வந்தது. அப்பாவா? கூப்பிட்டவரே பதிலும் சொல்லிக்கொண்டாரா?

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "உன் கல்யாணம் நிக்க வேணாம். செஞ்சிரலாம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

குட்டைக் கரையில் கருமாதி முடிந்தது.

மறுநாள் பறிப்பு இல்லை. பனி விலகி நல்ல வெயில். காய்கிற கொட்டையைக் கிளறிவிட நான்கு பேரும் களத்தில் ஒன்றாக நின்றோம். மரங்களுக்கிடையில் ஓர் ஆள் கிடையாது. அப்பா மலைப்பக்கம் திரும்பினார். வேண்டாம்ப்பா என்று நான் சொல்வதற்குள், "பெரியவன்!" என்று கூப்பிட்டுவிட்டார்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சின்ன அண்ணனின் வாய் மூடியிருந்தது. அம்மாவின் வாயும் மூடியிருந்தது. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை.

"இருக்கேன்!"

மேல் வரிசையிலிருந்து வந்தது. கை வேலையாக இருக்கும்போது அவன் சொல்கிற அதே அவசரக் குரல்.

அப்பா சின்ன அண்ணனைக் கூப்பிட்டார். அவன் மேல் வரிசையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். அடுத்தது என் முறை. அப்பா கூப்பிட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறையும் கூப்பிட்டார்.

அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். குட்டைக் கரையில் சைக்கிளைப் பார்த்த அன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு பயம் இருக்கவில்லை.

"பதில் சொல்லுடி. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது நீயும் சின்னவனும்தான்."