ஏழாம் நம்பர் கடிகாரம்

என் பெரியம்மாவிடம் "ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. திரும்பி வந்ததும், "நாலு நிமிஷம் இருபது செகண்டு" என்பாள். முட்டை வேகவைக்கக் கடிகாரம் பார்க்கமாட்டாள்; மனதுக்குள்ளேயே எண்ணுவாள். எண்ணும்போது வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் கையைக் காட்டி நிறுத்துவாள். இளவயதில் ஒருவரைப் பிடித்திருந்ததாம். ஆனால் அவர் எங்கே வரச் சொன்னாலும் கால் மணி நேரம் தாமதமாக வருவாராம். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

எல்லாம் அவள் பார்த்த வேலையால் வந்தது. விண்கலங்களின் சிக்னலைப் பிடிக்கும் நிலையம் ஒன்றில் இருபத்தாறு வயதில் சேர்ந்தாள். கலம் நிலவுக்குப் பின்னால் போனதும் சிக்னல் அறுந்துவிடும். அது மறுபடி எட்டிப் பார்க்கும்வரை எத்தனை நேரம் ஆயிற்று, இன்னும் எத்தனை நேரம் இருக்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அறையில் இருக்கும் ஆண்கள் எல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, இவள் குரல் மட்டும் ஆடாது, அசையாது. அதனால் அங்கே அவள் பெயரே 'செகண்டு' என்றாகிவிட்டது.

அந்த வேலைக்காக நிலையத்தில் பன்னிரண்டு கைக்கடிகாரங்கள் இருந்தன. நிலவுக்குப் போனவர்கள் கட்டியிருந்த அதே வகை. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள், முதுகில் நிலையத்தின் பெயரோடு நம்பர். காலையில் ஸ்டோர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அவருடைய தட்டில் வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் சுவர்க் கடிகாரத்தோடு சரியாக ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்து, பிறகுதான் பீரோவில் வைப்பார். பெரியம்மாவுடையது ஏழாம் நம்பர்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கடிகாரம் அவளிடமே இருந்தது மட்டும் போன மாதம்வரை தெரியாது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்து என் பொறுமையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அலமாரியைச் சுத்தம் செய்யப் பெரியம்மா கூப்பிட்டபோது அதே வேகத்தில் எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டேன். பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றுக்குள் கடிகாரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் அதிகப்பிரசங்கி. முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, என்னிடம் வண்டி கற்றுக்கொள்ளும் பல் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். அவருக்குப் பழைய கடிகாரம் என்றால் உயிர்.

மறுநாளே மனிதர் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றார். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அம்மா, இந்த ஸ்டேஷன்ல மொத்தம் பன்னெண்டு வாட்ச். பதினொண்ணு எங்க இருக்குன்னு பழைய வாட்ச் சேர்க்கிற எங்க ஆளுங்களுக்குத் தெரியும். இந்த ஏழாம் நம்பரைத்தான் இத்தனை வருஷமா தேடிட்டிருக்கோம். ஸ்டோர்ல இருந்த ஆளே எடுத்துட்டான்னு பேச்சு."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவர் எடுக்கல" என்றாள். பிறகு, "நீங்க கிளம்புங்க" என்றாள். டாக்டர் ஒரு விலை சொன்னார். இரண்டாம் தடவை இன்னும் பெரிய விலை சொன்னார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. இயந்திரங்களுக்காக அந்த அறையைப் பெட்டிக்குள் வைத்த ஐஸ் மாதிரி வைத்திருப்பார்களாம். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். கடிகாரங்களுக்கோ, விண்வெளி உடைக்கு மேலே கட்டுவதற்கென்று நீளமான பட்டை. கையில் கட்டக் கூடாது, மேஜைமேல்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பெரியம்மா கேட்பாளா? ஸ்வெட்டர் கைக்கு மேலேயே கட்டிக்கொண்டாள். அது ஒரு பந்தா. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

ஒருநாள் கலம் ஒன்றின் சிக்னல் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. நாற்பது செகண்டு தாமதம். அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னவள் இவள்தான். வந்ததும் அறையே குதித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவியபோது கைப்பகுதி உள்பக்கம் வெளியாகத் திரும்பி, கடிகாரத்தையும் உள்ளே விழுங்கிக்கொண்டது. முழங்கை ஏற்கெனவே கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் 'பிறகு தைக்கலாம்' மூட்டையில் போட்டாள். வாழ்க்கையில் அவள் தள்ளிப்போட்ட ஒரே காரியம் தையல்தான்.

அன்று தட்டில் இருந்தது பதினொன்று. விசாரணை நடந்தது.

"நாலு மணி ஆறு நிமிஷத்துக்குத் தட்டுல வெச்சேன்னு சொன்னேன்டி" என்றாள் பெரியம்மா. "பொய் சொல்லல. தினமும் அந்த நேரத்துக்குத்தான் வெப்பேன். அன்னைக்கும் வெச்ச மாதிரியே ஞாபகம். ஸ்டோர்காரர் இல்லைன்னாரு. செகண்டு சொன்னா தப்பாதுன்னு எல்லாரும் என் பேச்சை நம்பிட்டாங்க. அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

ஆறு வருஷம் கழித்து அந்த மூட்டையைப் பிரித்தபோது கைக்குள்ளிருந்து கடிகாரம் விழுந்தது. அதற்குள் நிலையத்தையே மூடியிருந்தார்கள். அவருடைய தெருவரைக்கும் போனாளாம். அவருடைய மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா வாயத் தொறக்காம எப்படி இருந்தீங்க?" என்று கேட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷங்களையும் ஒவ்வொரு செகண்டாக எண்ணியிருப்பாள், வேறு யார் எண்ணியிருப்பார்கள்?

"அவர் உசிரோட இருக்காரான்னு பாரு" என்றாள்.

இருந்தார். அதே தெரு, அதே வீடு. மறுநாள் காலை பத்து மணிக்கு அழைத்துப்போனேன். வழி முழுக்க அவள் எண்ணவில்லை என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்தவர் எண்பது தாண்டிய ஒல்லி மனிதர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா. ஒரு நொடி பார்த்தார். "செகண்டு" என்றார். உள்ளே வரச் சொன்னார்.

முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், அதன் கீழே மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். பெரியம்மா உட்காரவில்லை. கடிகாரத்தை மேஜைமேல் வைத்தாள்.

"ஸ்வெட்டருக்குள்ள இருந்துச்சு சார். நான் தட்டுல வெக்கல. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் கடிகாரத்தைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். மெதுவாகச் சாவி கொடுத்தார். மேல் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் முள் மேலே வரும்வரை காத்திருந்து, அழுத்தினார். நீள முள் ஓட ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம் இத்தனை நீளமென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முள் சுற்றி வந்ததும் நிறுத்தினார். கீழ்ப் பொத்தானை அழுத்தினார். முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

"நல்லாதான் ஓடுது" என்றார். பிறகு மனைவியின் படத்தைக் காட்டினார். "அவ ஒரே ஒரு தடவைதான் கேட்டா. எடுத்தீங்களான்னு. இல்லைன்னேன். அப்புறம் கேக்கவே இல்ல. நம்பினாளா இல்லையான்னு கடைசிவரைக்கும் எனக்குத் தெரியல."

பெரியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததை உளறினேன்.

"இதை வித்தா நல்ல விலை வரும் சார். ஒரு டாக்டர் கேக்கறார். பணத்தை நீங்களே..."

"ஸ்டோர் சாமானை விக்க முடியாதும்மா" என்றார்.

உள்ளே போய் ஒரு பழுப்புக் காகிதத்தோடு வந்தார். விசாரணையில் அவருக்குக் கொடுத்த பதிவேட்டு நகல். பன்னிரண்டு வரிசை. வாங்கியவர் கையெழுத்து பன்னிரண்டும் இருந்தது. திரும்பி வந்ததற்கான கட்டத்தில் ஏழாவது மட்டும் காலி. அதைப் பெரியம்மாவின் பக்கம் நகர்த்தி, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"எழுதுங்க."

"என்ன தேதி சார்?"

"கொண்டு வந்த தேதிதான்."

அவள் தேதியை எழுதினாள். காகிதம் நழுவியது. அவர் இரண்டு விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அடுத்து நேரம் எழுத வேண்டிய இடம். அங்கே பேனா நின்றுவிட்டது.

"நேரம் நீங்க சொல்லுங்க சார்" என்றாள் பெரியம்மா.

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதினாள்.